0.05 சதவீத இருட்டு யார் வீட்டில்?

மின் திட்டமிடல் வேலையில் எங்களுக்கு எல்லாமே ஒரு கணினி மாடல்தான். வரும் ஆண்டுகளின் தேவையைக் கொடுத்தால், எந்த நிலையங்களைக் கட்டினால் மொத்தச் செலவு குறையும் என்று அது சொல்லிவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் தேசிய மின் திட்டமும் இப்படித்தான் தயாராகிறது. அதில் ஓர் அளவுகோல் உண்டு: ஆண்டுத் தேவையில் கொடுக்க முடியாமல் போகும் மின்சாரம் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நல்ல அளவுகோல்தான். அந்தப் பற்றாக்குறையை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு நாலரை மணி நேர மின்வெட்டுகூட வராது. ஆனால் மாடலுக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே. துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் வழித்தடத்தை பீடர் என்போம். நுகர்வில் 2 சதவீதமே உள்ள சில கிராமத்து பீடர்களின் தலையில் முழுப் பற்றாக்குறையையும் கட்டிவிட்டால், அங்கே 219 மணி நேர மின்வெட்டு. அப்போதும் அறிக்கையில் அதே 0.05தான் இருக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2012இல் சென்னைக்குத் தினமும் 2 மணி நேர மின்வெட்டு. கோவை, திருப்பூர், மதுரைப் பக்கம் 10 மணி நேரத்துக்கும் மேல். விசைத்தறிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

இதைவிட எனக்கு உறுத்தலானது தேவைக் கணிப்பு. போன ஆண்டுகளின் நுகர்வை வைத்துத்தான் அடுத்த ஆண்டுகளின் தேவையைப் போடுகிறோம். கரண்ட் இல்லாத நேரத்தில் மீட்டர் ஓடாது. வோல்டேஜ் குறைவால் கிரைண்டர் வாங்காத வீடும், மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வருவதால் மாவு மில் வைக்காத ஊரும் பதிவேட்டில் ‘தேவை குறைந்த பகுதி’. தேவை குறைவென்றால் புதிய துணை மின்நிலையமும் அங்கே போகாது. அதனால் நுகர்வும் ஏறாது. அடுத்த கணிப்புக்கு அதே எண்தான் மறுபடி வந்து சேரும். பம்ப்செட்டுகளின் கதை வேறு. இலவச இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை, மதிப்பீட்டில்தான் ஓடுகிறது.

அப்புறம் ஒரு யூனிட் இல்லாமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்றும் மாடலில் ஒரு விலை வைக்கிறோம். அதைப் பொருளாதார உற்பத்தியை வைத்துப் போட்டால் ஐ.டி. பூங்காவின் யூனிட் விலை ஏறும், குடிசைப் பகுதியின் யூனிட் விலை இறங்கும். எங்கே வெட்டினால் மலிவு என்று மாடல் தேடும்போது பதில் தயாராக இருக்கும். அதை யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்பதும் உண்மை.

சரி செய்வது அவ்வளவு கடினமில்லை. தேவையை மாநில மொத்தமாகப் போடாமல் நகரம், கிராமம், விவசாயம் என்று பீடர் வகைவாரியாகப் பிரிக்கலாம். எந்த வகைக்கும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் வெட்டு கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். நிபந்தனையோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை மாடலை ஓட்டினால் செலவு வித்தியாசம் ரூபாயில் வந்து நிற்கும். அது அதிகமா குறைவா என்று முடிவு செய்வது எங்களைப் போன்றவர்களின் வேலையில்லை. எண்ணை வெளியே வைப்பது மட்டும் எங்கள் வேலை.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது பேச்சு பெரும்பாலும் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த முறை போகிறவர்கள் உங்கள் ஊர் பீடரில் போன ஆண்டு எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லை, வரும் திட்டத்தில் அந்த பீடருக்கு என்ன தேவை போட்டிருக்கிறார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.