பனிக்காலத்தில் கொஞ்சம் சீக்கிரம் படுங்கள்

அடைமழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் சொல்லும் தொந்தரவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விடாத சளி, காலையில் மடங்க மறுக்கும் விரல்கள், முதுகுவலி, தீராத அசதி. சத்து ஊசி போடச் சொல்வார்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

நம் குமரி மாவட்டத்தில் குளிர் அப்படியொன்றும் கடுமையில்லை. டிசம்பர் பகல் ஜூன் பகலைவிடச் சுமார் 1 மணி நேரம்தான் குறைவு. இங்கே ஆளைச் சாய்ப்பது குளிரைவிட, இந்த மாதங்களில் கூடிவிடும் வேலை. ரப்பரில் பால் நன்றாகக் கிடைப்பது இப்போதுதான். கோட்டாறு சவேரியார் திருவிழா, சபரிமலை சீசன், சுசீந்திரம் மார்கழித் திருவிழா, கிறிஸ்துமஸ் எல்லாம் இதே சமயத்தில்தான் வருகின்றன.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அம்மா இருமலோடு வந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை கட்டாயம். எடுத்தோம், காசநோய் இல்லை. அப்புறம் பேசிப் பார்த்ததில், கிறிஸ்துமஸுக்காக இரவு 11 மணிவரை பாசிப்பயறு வறுத்து, பொடித்து, முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். 3 மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். கொஞ்சம் பிந்திப் போகக்கூடாதா என்றேன்.

"வெயில் ஏறினா பால் நின்னு போவும்லா சாரே."

அவர் சொன்னது சரிதான். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, பால் வடிவதும் குறைந்துவிடும். எழும் நேரத்தை மாற்ற வழியில்லை. அதனால் 8 மணிக்கே படுக்கச் சொன்னேன், மதியம் உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அடித்து முடித்தபின் அரை மணி நேரம் கண் அயரவும் சொன்னேன். இதை அவரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. இரவுச் சாப்பாட்டையும் பாத்திரத்தையும் நீ பார்த்துக்கொள் என்று கூட வந்த மகனிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு வீட்டில் அம்மா ஓய்வெடுக்க வேண்டுமென்றால், அந்த வேலையை வேறொருவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும்.

தூக்கம் குறைந்தால் நோய் எதிர்ப்பும் குறையும். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகமாக இருந்தது.

தை, மாசியில் ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது பால்வெட்டை நிறுத்திவிடுகிறோம். அந்த வாரங்களில் வருமானம் நின்றுபோவதால் பலர் வேறு கூலி வேலைக்கு ஓடுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு மூன்று நாளாவது விடியும்வரை தூங்குங்கள். பகல் முழுக்கப் படுத்தே கிடக்கவும் வேண்டாம், மூட்டு இன்னும் இறுகிவிடும். இளவெயிலில் மெதுவாக நடந்தால் போதும்.

நன்றாகத் தூங்கியும் அசதி தீரவில்லையென்றால் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பரிசோதித்துப் பாருங்கள். மனம் வாரக்கணக்கில் சோர்ந்து கிடந்தாலும் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலித்து வியர்த்தால், வாயுப்பிடிப்பு, படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.