எந்த வேலை யாருடையது: வன்னியில் பிரதேச சபையிடம் கேட்க வேண்டியவை

தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடப் புறப்படுகிறவர் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது பிரதேச செயலகத்தின் படியில்தான். அங்கிருந்து பிரதேச சபைக்கு அனுப்பப்படுவார். சபையில், மின்கம்பம் சரிந்திருந்தால் அது மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு என்று சொல்வார்கள். ஒரு மின்குமிழுக்காக மூன்று அலுவலகங்களின் வாசலை மிதித்து ஒரு நாள் கூலியை இழந்தவர்களை நான் அறிவேன். முதல் இரண்டு அலுவலகங்களின் பெயரிலும் ‘பிரதேச’ என்ற சொல் இருப்பது இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். சபை தன் கடமைகளை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வழக்கம் குறைவாக இருப்பது மற்றக் காரணம்.

பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகக் கிளை. காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு, அஸ்வெசும போன்ற நலன்புரிக் கொடுப்பனவுகள், கிராம அலுவலர் ஊடாக நடக்கும் அலுவல்கள் ஆகியவை அதன் கீழ் வருவன. பிரதேச சபை மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். அது மாகாண சபைக்குரிய உள்ளூராட்சித் துறையின் மேற்பார்வையில் இயங்குகிறது. இரண்டின் எல்லைகளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கண்டாவளையில் வசிப்பவருக்குப் பிரதேச செயலகம் கண்டாவளையிலேயே உண்டு; ஆனால் அவருடைய வீதியையும் குப்பையையும் பார்க்க வேண்டியது கரைச்சிப் பிரதேச சபை.

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் உருவானவை. பழைய பட்டின சபைகளும் கிராம சபைகளும் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு வழிவிட்டு மறைந்தன. அதனால் மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஏற்பட்ட தூரத்தைக் குறைக்கவே இச்சட்டம் வந்தது. சட்டத்தின் 3ஆம் பிரிவு சபையின் பொறுப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி நிர்வகிப்பதும், பொதுவாக மக்களின் வசதியையும் நலனையும் பாதுகாத்து மேம்படுத்துவதும் அதன் கடமை. சபைக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் இந்தப் பிரிவைக் குறிப்பிடலாம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என மூன்று பிரதேச சபைகள் உள்ளன. கிளிநொச்சி நகருக்கெனத் தனியான நகர சபை கிடையாது; நகரமும் கரைச்சிச் சபைக்குள்ளேயே அடங்குகிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு ஆகிய நான்கு சபைகள் உள்ளன. மன்னாரில் ஒரு நகர சபையும் பிரதேச சபைகளும் இருக்கின்றன. வவுனியா நகர சபை மாநகர சபையாகத் தரமுயர்ந்து 2025இல் தேர்தலைச் சந்தித்தது. நகர, மாநகர சபைகளுக்கு வேறு சட்டங்கள் உண்டு. ஆனால் இங்கே சொல்லப்படும் அன்றாடச் சேவைகளில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அப்போது நடைபெற வேண்டிய தேர்தல் தள்ளிப்போனதால், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளின் நிர்வாக அலுவலர்களான செயலாளர்களே அவற்றை நடத்தினர். மீண்டும் தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இப்போதைய முறையில் 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து நேரடியாகத் தெரிவாகின்றனர். 40 வீதமானோர் கட்சிகளின் பட்டியல்களிலிருந்து வருகின்றனர். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு. ஆகவே ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு வட்டார உறுப்பினர் இருக்கிறார். முறைப்பாட்டின் ஒரு பிரதியை அவரிடமும் கொடுப்பது பயன் தரும்.

வீதியும் வெளிச்சமும்

எல்லா வீதிகளும் சபையின் வீதிகள் அல்ல. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஏ9 வீதியிலும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியிலும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ34 வீதியிலும் விழும் குழிகளுக்குச் சபையைத் திட்டிப் பயனில்லை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. அதற்குக் கீழுள்ள ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபையின் பராமரிப்பில் வருகின்றன. வன்னியில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. நீர்ப்பாசன வாய்க்காலோரம் ஓடும் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையதாக இருக்கலாம். வயலுக்குச் செல்லும் பாதை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் இருக்கலாம். இரண்டு காணிகளுக்கிடையில் ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒழுங்கை எவருடைய பதிவேட்டிலும் இல்லாமலும் இருக்கலாம். எனவே கிரவல் போட்டுத் தாருங்கள் என்று கேட்பதற்கு முன், அந்த வீதி சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால், இருபுறக் காணிக்காரரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் இணைத்து, வீதியைச் சபை பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பதே முதல் வேலை. இதைச் செய்யாமல் மாரிக்கு மாரி சேற்றை மிதித்துக்கொண்டு மனுக் கொடுக்கும் ஊர்கள் உள்ளன. அந்த மனுக்களில் பல நிராகரிக்கப்படுவதுமில்லை, நிறைவேற்றப்படுவதுமில்லை, கோப்பில் கிடக்கின்றன.

தெருவிளக்கைப் பொறுத்தவரை மின்கம்பமும் கம்பியும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினுடையவை; விளக்கைப் பொருத்துவதும், பழுதானால் மாற்றுவதும் உள்ளூராட்சி மன்றத்தின் பணி. முறைப்பாட்டில் ‘கோயிலடி விளக்கு’ என்று மட்டும் எழுதாமல், மின்கம்பத்தில் எழுதப்பட்டுள்ள இலக்கத்தையும் குறிப்பிட்டால், வேலைக்கு வருபவர் தேடி அலைய வேண்டியதில்லை.

சந்தை, தண்ணீர், குப்பை

பொதுச் சந்தை, பேருந்துத் தரிப்பிடம், பொது மலசலகூடம், இறைச்சிக் கடை ஆகியவை சபையின் முகாமையில் உள்ளவை. கடைத் தொகுதிகளும் சந்தைக் குத்தகையும் பகிரங்கக் கேள்வி (டெண்டர்) அறிவித்தல் மூலம் வழங்கப்பட வேண்டும். கேள்விப்பத்திரம் வாங்கும் உரிமை எவருக்கும் உண்டு. சந்தையில் வாடகை வசூலிப்பவர் சபை தீர்மானித்த கட்டணத்தையே அறவிடலாம். அதற்குப் பற்றுச்சீட்டு கேட்பது விற்பவரின் உரிமை. விளைபொருளின் நிறையில் ‘கழிவு’ என்று ஒரு பங்கை வியாபாரி எடுத்துக்கொள்வது வடக்கின் சந்தைகளில் நெடுநாள் மனக்குறை. சந்தை சபையின் சொத்து என்பதால், இதைச் சபையின் கூட்டத்துக்குக் கொண்டு செல்ல விவசாயிகளின் அமைப்புகளுக்கு முழு நியாயம் உண்டு. இந்த விடயத்தில் சபைகள் இன்னும் உறுதியாக நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கிணறுகள் வற்றும் குடியிருப்புகளுக்குப் பவுசரில் குடிநீர் கொண்டு செல்வதிலும் சபைகள் பங்கெடுக்கின்றன. அந்தத் தேவையை வறட்சி முற்றிய பின் அல்ல, முன்கூட்டியே குடும்ப எண்ணிக்கையுடன் எழுதிக் கொடுத்தால், நீர்த்தாங்கி வைக்கும் இடத்தையும் வரும் நாட்களையும் ஒழுங்குபடுத்த முடியும். குழாய்வழிக் குடிநீர் பல இடங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. அதன் பட்டியலைப் பற்றிப் பிரதேச சபையிடம் கேட்க வேண்டியதில்லை.

குப்பை அகற்றுவது சபையின் நேரடிக் கடமை. உக்குபவற்றையும் உக்காதவற்றையும் பிரித்துக் கொடுக்காவிட்டால் குப்பை ஏற்ற வரும் உழவு இயந்திரக்காரர் ஏற்க மறுக்கலாம். மாரியில் வடிகாலும் மதகும் அடைபட்டு நுளம்பு பெருகுகையில் துப்புரவு செய்வது சபை. ஆனால் வீடு வீடாகப் பரிசோதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். இருவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள் என்பதால், ஒருவருக்குக் கொடுக்கும் முறைப்பாட்டின் பிரதியை மற்றவருக்கும் கொடுப்பது நல்லது.

கட்டாக்காலி மாடுகள் வன்னியில் சிறிய விடயமல்ல. இரவில் ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாட்டின் மீது மோட்டார் சைக்கிள் மோதுவதும், காலபோகப் பயிரை மந்தை மேய்வதும் ஆண்டுதோறும் நடப்பவை. சபை அவற்றைப் பிடித்துக் கட்டி வைக்கலாம். உரிமையாளர் தண்டப்பணமும் பராமரிப்புச் செலவும் கட்டியே மீட்க முடியும். உரிமை கோரப்படாதவை ஏலத்தில் விற்கப்படலாம். மேய்ச்சல் தரை இல்லாத மாட்டுக்காரரின் சிக்கலை இது தீர்க்காது. அந்தக் கோரிக்கை காணி சம்பந்தமானது. அதைப் பிரதேச செயலகத்தில்தான் முன்வைக்க வேண்டும்.

மயானம், விளையாட்டு மைதானம், சிறுவர் பூங்கா ஆகியவற்றின் பராமரிப்பும் சபையைச் சேர்ந்ததே.

நூலகமும் சனசமூக நிலையமும்

சபை நடத்தும் பொது நூலகத்தில், பிரதேசத்தில் வசிக்கும் எவரும் அங்கத்தவராகலாம். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் பாடசாலைப் பிள்ளைகளுக்கான போட்டிகள் அப்போது நடக்கும். ஊர்களின் சனசமூக நிலையங்களும் சபையில் பதிவு செய்யப்படுபவை. பொதுக்கூட்டம் கூட்டி நிர்வாகத்தைத் தெரிந்து, கணக்கைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துவரும் நிலையங்களே சபையின் உதவிகளைக் கேட்கத் தகுதியுடையன. பூட்டுத் தொங்கும் நிலையங்கள் பலவற்றின் உண்மையான நோய் பணமின்மை அல்ல. ஆண்டுக் கூட்டம் கூட்டாததே. மேலும், சபை தன் பணிகளுக்கு அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் ஆகிய துறைகளுக்கு இத்தகைய குழுக்கள் அமைகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியரோ கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளரோ அங்கே அமரலாம். கேட்பவர் குறைவு.

வரி, அனுமதி

சபையின் சொந்த வருமானம் ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் இதற்குச் சேர்கின்றன. பழைய வழக்கில் சோலைவரி எனப்படும் ஆதன வரி, சபை அபிவிருத்தியடைந்ததெனப் பிரகடனம் செய்த பகுதிகளில் மட்டுமே அறவிடப்படலாம். கட்டிடத்தின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து, அதில் ஒரு வீதத்தை வரியாக விதிப்பர். ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31ஆம் திகதிக்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் அந்தக் காலாண்டுக்குரியதைக் கட்டினால் 5 வீதம். கணிக்கப்பட்ட பெறுமதி அதிகம் என்று நினைப்பவர், அறிவித்தலில் கண்ட காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்; வரி கட்டும் சாளரத்தில் நின்று வாதிடுவது ஆட்சேபமாகாது. உணவகம், வெதுப்பகம், சிகையலங்கார நிலையம் போன்றவற்றின் உரிமங்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிவதால், புதுப்பிப்பு ஒவ்வோர் ஆண்டும் அவசியம்.

வீடோ கடையோ மதிலோ கட்டுவதற்கு முன் சபையின் அனுமதி வேண்டும். வரைபடத்துடன் காணி ஆவணத்தையும் கொடுக்க வேண்டும். வன்னியில் பெருந்தொகையான காணிகள் உறுதிக் காணிகள் (தனியாருக்கு முழு உரிமையுள்ளவை) அல்ல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திர அல்லது அளிப்புக் காணிகள் என்பதால், பிரதேச செயலகத்தின் கடிதம் தேவைப்படுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். கட்டி முடித்தபின், அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்பதற்கான ஒழுங்கமைவுச் சான்றிதழையும் பெற்றுக்கொள்ள வேண்டும். வங்கிக் கடனுக்குப் போகும் நாளில்தான் பலருக்கு அதன் அருமை தெரிகிறது.

கேட்கும் முறை

சபையின் பொதுக்கூட்டம் மாதந்தோறும் நடைபெறும். பொதுமக்கள் பார்வையாளராக அமர்ந்திருக்கலாம், ஆனால் இடையில் பேச முடியாது. வரவுசெலவுத் திட்ட வரைவு நிறைவேற்றப்படும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். உங்கள் வீதி அடுத்த ஆண்டின் திட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு உரிய நேரம் அதுவே. தை பிறந்தபின் கேட்டால், ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற பதில்தான் வரும்.

முறைப்பாட்டைத் தவிசாளருக்கோ செயலாளருக்கோ முகவரியிட்டுத் தமிழில் எழுதி, இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் திகதி முத்திரையுடன் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலரிடம் அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு உள்ளது. சேவையில் ஏற்படும் தாமதம், குத்தகை வழங்கியதில் குளறுபடி போன்றவற்றுக்கு மாவட்டத்தின் உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் எழுதலாம். அப்போது, சபையின் முத்திரை விழுந்த அந்த முதல் பிரதியின் நிழற்பிரதியையும் இணைக்க வேண்டும்.