படுத்தே கிடந்தால் அசதி ஏன் கூடுகிறது?

விடுமுறை முழுக்கக் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்துவிட்டு எழுந்தால், உடம்பு முன்னைவிடக் கனமாக இருக்கும். ஓய்வு போதவில்லை போல என்று மறுபடி சாய்ந்துவிடுகிறோம். அந்த அசதிக்குப் படுத்திருந்ததே ஒரு காரணம்.

நிற்கும்போது புவியீர்ப்பு ரத்தத்தைக் கால்பக்கம் இழுத்து வைக்கிறது. படுத்ததும் அதில் சுமார் அரை லிட்டர் மார்புக்குத் திரும்பி, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பு இதை நீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. மேலறைகளில் சுரக்கும் ஹார்மோன் ஒன்று உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகங்களைத் தூண்டுகிறது. ஓரிரு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடும். படுத்திருக்கும்வரை அதில் தொல்லையில்லை. எழுந்து நிற்கும்போதுதான், குறைந்துபோன ரத்தமும் காலுக்கு இறங்க, தலை கிறுகிறுக்கிறது.

இது நீண்டால் என்ன ஆகும்? 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதை ஒட்டிய ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கவைத்தார்கள். கடும் உழைப்பின்போது உடம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, கால்பங்குக்கு மேல் சரிந்தது. பிறகு பயிற்சி கொடுத்து மீட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 30 ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோதும் அந்த அளவு அவ்வளவு கீழே போகவில்லை. 30 ஆண்டு மூப்பு செய்யாததை 3 வாரப் படுக்கை செய்திருந்தது!

விண்வெளி ஆய்வாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எடையின்மையின் விளைவுகளைப் பூமியிலேயே பார்க்க, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் ஆட்களை வாரக்கணக்கில் கிடத்துகிறார்கள். படுப்பதற்குச் சம்பளம் என்றால் கேட்கச் சுகம்தான். ஆனால் சாப்பாடு, குளியல் எல்லாமே அதே சாய்வில்! நம்மைத் தாங்கி நிற்கும் கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகள்தான் அங்கே முதலில் மெலிகின்றன. எலும்பும் கால்சியத்தை இழக்கிறது.

சரி, ஒரே ஒரு நாள் கிடந்தால்? தசை ஒன்றும் கரைந்துவிடாது, பயப்பட வேண்டாம். அன்றைய மந்தத்துக்குப் பெரும்பாலும் தூக்கக் கணக்குதான் காரணம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து, இரவில் தூக்கத்தைக் கூட்டி வருகிறது. பகலில் விட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் அது கரைந்துபோய், இரவில் புரள வேண்டியதுதான். வெளிச்சமும் குறைவு: வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், திறந்தவெளிப் பகலில் 10,000-க்கு மேல் கிடைக்கும், அறைக்குள் சில நூறுதான். மூளையின் உள்கடிகாரம் பகலையும் இரவையும் தெளிவாகப் பிரித்தறிய அது பெரும்பாலும் போதாது.

அதனால் சோம்பல் நாளிலும் காலையில் கொஞ்ச நேரம் வெளியே போய் வரலாம். அப்புறம் அவ்வப்போது எழுந்து நாலடி நடக்கலாம். ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளில் நிற்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக்கூட முடிந்தவரை சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது, அந்த ரத்தம் தேங்கி உறையாமல் இருக்கவும்தான்.