காலனி: கடற்பறவைகளின் ஈனிலம்

கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் தீவையோ பாறையையோ பறவை நோக்குவோர் ‘காலனி’ என்கின்றனர். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த இச்சொல்லின் வேர் ‘கோலெரே’ என்னும் இலத்தீன வினை. உழுதல், ஓரிடத்தில் வாழ்தல் என்பன அதன் பொருள். அதிலிருந்தே உழவனைக் குறிக்கும் ‘கொலோனுஸ்’ என்ற சொல்லும், உரோமர் வென்ற நிலத்தில் தம் மக்களைக் குடியமர்த்திய ஊரைக் குறிக்கும் ‘கொலோனியா’ என்ற சொல்லும் பிறந்தன. ஜெர்மனியின் கோல்ன் நகரம் இன்றும் அப்பெயரைத்தான் சுமக்கிறது. கூடிவாழும் எறும்புக்கும் பவளத்துக்கும் பறவைக்கும் உயிரியலார் பின்னர் அதை நீட்டிக்கொண்டனர்.

தமிழில் இதைக் ‘குடியேற்றம்’ என்றும் ‘குடியிருப்பு’ என்றும் எழுதுகிறோம். முன்னது சற்றும் பொருந்தாது. இப்பறவைகளுள் பல, தாம் பொரிந்த பாறையையே தேடித் திரும்புபவை, வந்தேறிகள் அல்ல. பின்னதிலும் பிழை உண்டு. பல கடற்பறவைகள் குடியிருப்பது கடலில்; அவை கரையேறுவது ஈனுவதற்காகவே. குளிர்காலம் முழுவதையும் திறந்த கடலில் கழிக்கும் பஃபின் என்னும் பறவைக்குத் தீவு எப்படிக் குடியிருப்பாகும்? ‘கூடு’ என்ற சொல்லைச் சேர்த்துப் புதுப்பெயர் அமைக்கவும் வழியில்லை, ஏனெனில் கில்லிமாட் என்னும் கடற்பறவை கூடே கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையின் ஒடுங்கிய விளிம்பில், அண்டைப் பறவையோடு உடல் உரச நின்றபடி, வெறுங்கல்லின் மேல் பேரிக்காய் வடிவில் ஒரே ஒரு முட்டை இடும். நிறத்திலும் கோலத்திலும் முட்டைக்கு முட்டை வேறுபடுவதால், அந்த நெருக்கத்திலும் தன் முட்டை எதுவென்று பறவை அறிந்துகொள்ளும்.

இதற்கு ஏற்ற சொல் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. குறுந்தொகையின் 85ஆம் பாடலில், துள்ளுநடைச் சேவல் குருவியொன்று, சூல்முதிர்ந்த தன் பேடைக்கு ‘ஈனில்’ இழைப்பதற்காகக் கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதுகிறது. ஈன், இல் என்று பிரியும் இச்சொல் ஈனுவதற்கான இடத்தைக் குறிக்கிறதேயன்றி, நிலையாக வாழும் வீட்டைக் குறிக்கவில்லை. ஓர் இணையின் இடம் ஈனில் என்றால், அத்தகைய இடங்கள் திரண்ட தீவை, தேனும் நிலவும் ‘தேனிலவு’ எனப் புணர்ந்த அதே முறையில், ஈன், நிலம் இரண்டையும் சேர்த்து ‘ஈனிலம்’ எனலாம் என்பது என் பரிந்துரை. தாழ்வைக் குறிக்கும் ‘ஈனம்’ நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கக்கூடும்; அது வடசொல், இதனோடு உறவற்றது.

பார்வையாளருக்கும் இப்பெயர் உதவும்: தாம் கால் வைப்பது பறவைகள் ஈனும் நிலம் என்பதை அது நினைவூட்டும். வேல்ஸ் நாட்டின் ஸ்கோமர் தீவில் சுமார் 3,50,000 இணை மான்க்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. பகலில் அங்கே இறங்குபவர் கண்ணுக்கு அவற்றுள் ஒன்றுகூடப் படாமல் போகலாம், ஏனெனில் அவை வளைக்கு வந்துபோவது இருளில். நாளொன்றுக்கு 250 பேரை மட்டுமே இறங்க விடுவதும், பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர் என்று எச்சரிப்பதும் இதனால்தான்: புல்தரை என்று எண்ணிக் கால் வைக்கும் இடம் வளையின் கூரையாக இருக்கும், மிதித்தால் உள்ளே சரியும். இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளிலோ ஈனில் கண்ணெதிரே, பாதையோரத்திலேயே கிடக்கிறது. அருகே நடப்பவரின் உச்சந்தலையை ஆர்க்டிக் ஆலா பாய்ந்து பாய்ந்து கொத்துவதால், தொப்பியோடு இறங்குவதே நல்லது.