முதல்வர் காப்பீட்டு அட்டையும் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையும்: பணம் கட்டும் முன் படியுங்கள்

போன வருடம் ஒரு கலெக்டர் ஆபீஸில், காப்பீட்டு அட்டை போடும் அறைக்கு வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். மார்பை எடுத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அக்குள் பக்கமிருந்து வந்த ட்ரெயின் குழாயைச் சேலையோடு சேர்த்து ஊக்குக் குத்தி, நீர் சேரும் டப்பாவை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். போட்டோ எடுக்க நேரில்தான் வர வேண்டும் என்றதால் அந்த உடம்போடு பஸ்ஸில் வந்திருக்கிறார். நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனையில் ஒன்றே முக்கால் லட்சம் கட்டியாயிற்று. "முதல்ல கட்டுங்க, அப்புறம் கார்டு போட்டுக் கொடுத்தா பணம் திரும்பக் கிடைச்சிடும்" என்று பில் கவுண்ட்டரில் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கட்டின பணம் வராதும்மா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் உங்கள் கைக்கு வருவதே இல்லை. சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை அனுமதி கேட்க வேண்டும், காப்பீட்டு நிறுவனம் அனுமதி தர வேண்டும், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். நீங்கள் கட்டிவிட்டு ரசீதை நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். கட்டியைக் கண்டுபிடித்த பதற்றத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்ல ஆள் இல்லாததுதான் எனக்கு ஆறாத கோபம்.

திட்டத்தின் கதை சுருக்கமாக: 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் இப்போதைய பெயர், 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைப்பு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இந்த 5 லட்சம் ஆளுக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. அதே வருடம் வீட்டுக்காரருக்கு இதே அட்டையில் பைபாஸ் நடந்திருந்தால் மீதி எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையைத் தேடும் முன் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். நோயாளியின் பெயர் அதில் இருக்கிறதா? கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அம்மா வீட்டுக் கார்டிலேயே பெயர் கிடக்கும் பெண்கள் ஏராளம். கணவனை விட்டுப் பிரிந்து வந்தவருக்கு இன்னும் சிக்கல், பெயர் கணவன் வீட்டுக் கார்டில் மாட்டிக்கொண்டிருக்கும். பெயரை நீக்கிச் சேர்க்க வாரக்கணக்கில் ஆகலாம். கட்டி பற்றிச் சந்தேகம் வந்த அன்றே, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல், இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். பெயரில் எழுத்து மாறியிருப்பது இன்னொரு தலைவலி. ஆதாரில் செல்வி, ரேஷன் கார்டில் தமிழ்ச்செல்வி, பயாப்ஸி (கட்டியின் சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் செல்வி முருகன் என்று மூன்று விதமாக இருந்தால் மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும். பரிசோதனைக்கு முதல் சீட்டு போடும்போதே ஆதாரை நீட்டி, "இதில் இருப்பது போலவே எழுதுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

அட்டை ஏற்கெனவே இருக்கலாம். பழைய அட்டையைப் பரணில் போட்டுவிட்டு மறந்த குடும்பங்கள் பல. கட்டணமில்லா எண் 1800 425 3993-இல் கேட்டுப் பார்த்துவிட்டுப் புதிதாக அலையுங்கள்.

இல்லையென்றால் வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று போகும். ஆன்லைன் என்று பெயர்தான், விஏஓவை நேரில் பார்க்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே தூங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவமனைச் சீட்டின் நகலோடு போய், தேதி கேட்டு, அந்தத் தேதியில் மறுபடி போங்கள். மையத்தில் விண்ணப்பத்தைத் தட்டும் பையன் "மாசம் எவ்வளவுக்கா வரும்?" என்று கேட்பான். நல்ல மாதத்தை நினைத்துக்கொண்டு "பன்னிரண்டாயிரம்" என்பீர்கள். அவன் பன்னிரண்டால் பெருக்கி 1,44,000 என்று போட்டுவிடுவான், தகுதி போயிற்று. கட்டட வேலை, பூக்கட்டு, தறி, எதுவானாலும் வேலையில்லாத மாதங்கள் உண்டு. வருடம் முழுக்க உண்மையில் கைக்கு வந்ததைக் கூட்டிச் சொல்லுங்கள். பொய் சொல்லத் தேவையில்லை, கணக்கைச் சரியாகச் சொன்னாலே போதும்.

இந்த அலைச்சலுக்குள் நோய் முற்றிவிடுமோ என்ற பயம் வரும். பில் கவுண்ட்டர்காரர்கள் பணமாக்குவது இந்தப் பயத்தைத்தான். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் இன்று ராத்திரியே அறுக்க வேண்டிய அவசரம் இல்லை. மாதக்கணக்கில் தள்ளக் கூடாது, ஆனால் காகிதம் சேர்க்க ஒன்றிரண்டு வாரம் பொதுவாகக் கிடைக்கும். "எத்தனை நாள் காத்திருக்கலாம் டாக்டர்?" என்று டாக்டரிடமே கேளுங்கள், கவுண்ட்டரில் கேட்காதீர்கள்.

அடுத்த கண்ணி, "இங்கே கார்டு எடுப்போம்" என்ற பலகை. மருத்துவமனைக்கு அங்கீகாரம் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி. எலும்பு முறிவுக்குக் கார்டு எடுக்கும் இடத்தில் புற்றுநோய்க்கு எடுக்காமல் இருக்கலாம். சேருவதற்கு முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து, மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இங்கேயே இந்த அட்டையில் நடக்குமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் தனித்தனி அனுமதி. கீமோவுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி கேட்பார்கள். அந்த அக்காவுக்கு அறுவைப் பணம் திரும்பவில்லை, ஆனால் அன்று போட்ட அட்டையில் கீமோ முழுக்க அரசு மருத்துவமனையில் நடந்தது. ஒவ்வொரு முறையும் அட்டை, ரேஷன் கார்டு, முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் அதே மஞ்சள் பையில் கொண்டு போனார்.

"அப்ரூவல் வர்ற வரைக்கும் அட்வான்ஸ்", "கார்டில் பாதிதான் வரும், மீதியைக் கட்டுங்க" என்ற பேச்சு வரும். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருந்து, படுக்கை, டாக்டர் கட்டணம் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். மேலே கேட்டால் எதற்கு என்று எழுதிக் கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். மேலே சொன்ன எண்ணிலும், கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட அலுவலரிடமும் புகார் சொல்லுங்கள். எழுதிக் கேட்ட உடனேயே அந்த "மீதி" காணாமல் போனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

பயாப்ஸி இல்லாமல் அனுமதி கிடையாது. சிறிய நர்ஸிங் ஹோமில் "வெறும் கட்டிதான், எடுத்துடலாம்" என்று ஊசி பயாப்ஸிகூடப் பார்க்காமல் வெட்டிவிட்டு, பிறகு புற்று என்று தெரிந்து இரண்டாம் முறை அறுபட்ட பெண்கள் இருக்கிறார்கள். முதலில் ஊசி பயாப்ஸி, அதில் புற்றின் வகையைச் சொல்லும் ஈஆர், பிஆர், ஹெர்-2 பரிசோதனைகள். இவை இல்லாவிட்டால் எந்த மருந்து என்பதே முடிவாகாது, அனுமதியும் இழுபடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்தால் செலவு மிச்சம். ரிப்போர்ட்டோடு, எடுத்த சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள், வேறு மருத்துவமனைக்குப் போனால் அவைதான் கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பநிலையில் பலருக்குக் கட்டியையும் சுற்றியுள்ள சதையையும் மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தாலே போதும். முழு மார்பையும் எடுத்தவர்களுக்கு இணையாகவே அவர்களும் உயிர் வாழ்கிறார்கள் என்பது இருபது ஆண்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் ஏழைப் பெண் என்றால் "கதிர்வீச்சுக்குத் தினமும் வர முடியாது, முழுசா எடுத்துடலாம்" என்று அவளைக் கேட்காமலே முடிவாகிவிடுகிறது. கதிர்வீச்சும் இந்த அட்டையில் உண்டு. "எனக்கு மார்பைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். முடியாது என்றால் காரணம் கேளுங்கள்.

கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு வழி வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் இஎஸ்ஐ மருத்துவமனையில் தொடங்குங்கள். சிகிச்சையோடு சம்பளத்துக்கு ஈடும் உண்டு. சாதாரண நோய் விடுப்புக்கு 70 சதவீதம், 91 நாள் வரை. புற்றுநோய்க்கு நீட்டித்த விடுப்பில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், அதில் 156 நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். இதைக் கவனமாகக் கேளுங்கள்: நோய் தெரிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "உடம்பைப் பாரும்மா, நல்லானதும் வா" என்று சூப்பர்வைசர் அன்பாகவே சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். அதோடு சம்பள ஈடும் போய்விடும். இஎஸ்ஐ விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று, 2025 நவம்பர் வரை இருந்த இஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆம் பிரிவே சொன்னது; இப்போதைய விதியை இஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் சான்றிதழைத் தேதி தவறாமல் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் நீட்டும் அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.