திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்ன பேட்டரிய ஒருதரம் பாருங்க

மார்த்தாண்டத்துல மொபைல், லேப்டாப், கேமரா பேட்டரி சர்வீஸ் பண்ற ஆளு நான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஏர்போர்ட் கெடையாது, கருங்கல்ல இருந்தோ குளச்சல்ல இருந்தோ கல்ஃபுக்குப் போகணும்னா பெரும்பாலும் திருவனந்தபுரம் தான், அதனால லீவு முடிஞ்சு திரும்புறவங்க கடைக்கு வந்து "அண்ணே, இத பெட்டியில போடலாமா கையில வைக்கணுமா"ன்னு கேக்கறது வழக்கம். கேக்கறவங்க பரவால்ல. ஹேண்ட் லக்கேஜ் 7 கிலோவ தாண்டிரும்னு பவர் பேங்க எடுத்து செக்-இன் பெட்டியில நேந்திரங்கா சிப்ஸுக்கு அடியில சொருகுறாங்கல்லா, அவங்களுக்குத்தான் இது.

பவர் பேங்க், தனியா கழட்டி வச்ச ஸ்பேர் பேட்டரி எதுவும் செக்-இன்ல போகக்கூடாது, கேபின் பையில தான். காரணம் இருக்கு, இதெல்லாம் லித்தியம் பேட்டரி. லித்தியம் செல்லுக்குள்ள பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கறது ஒரு மெல்லிசு ஷீட்டு, அது கேடானா உள்ளேயே ஷார்ட் ஆகி சூடு ஏறும், ஒரு அளவு தாண்டிட்டா அதுவே சூட்ட உண்டாக்கிக்கிட்டு பக்கத்து செல்லயும் பிடிச்சிக்கும். கேபின்னா புகை கண்ணுக்குத் தெரியும், க்ரூ தண்ணி ஊத்தி ஆத்துவாங்க. கீழ லக்கேஜ் அறையில தீயணைக்க அடிக்கற ஹேலான் கேஸ் தீய அமுக்குமே தவிர செல்லோட சூட்ட ஆத்தாது. 2010 செப்டம்பர்ல துபாய்ல விழுந்த, யூபிஎஸ்ங்கற பார்சல் கம்பெனியோட சரக்கு விமானத்துல லித்தியம் பேட்டரி இருந்த சரக்குல தான் தீப்பிடிச்சுது, ரெண்டு பைலட்டும் போயிட்டாங்க. 2016 ஏப்ரல்ல இருந்து பயணிகள் விமானத்துல லித்தியம் அயன் பேட்டரிய தனி சரக்கா ஏத்துறதே தடை.

அடுத்தது கணக்கு. பேட்டரியில எவ்வளவு சக்தி அடங்கும்ங்கறதுக்கு அளவு வாட் ஹவர். 100 வாட் ஹவர் வரை பொதுவா பிரச்சன இல்ல, 100ல இருந்து 160 வரைன்னா ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே பெர்மிஷன், ஸ்பேர் ரெண்டுக்கு மேல கூடாது, 160 தாண்டினா கொண்டே போக முடியாது. பவர் பேங்க் மேல போட்டிருக்கற எம்ஏஹெச் (mAh) நம்பர ஆயிரத்தால வகுத்து, செல்லோட வோல்ட்டேஜ் 3.7 ஆல பெருக்கினா வாட் ஹவர் வரும். 20000னா 74, 30000னா 111. நெறைய பேரு அவுட்புட் 5 வோல்ட்ட பாத்து பெருக்கிட்டு பயந்துருவாங்க, அது தப்பு, செல்லோட வோல்ட்டேஜ் தான் கணக்கு. கல்யாண வீடியோ எடுக்கற தம்பிமாரு வி-மவுண்ட் பேட்டரி, அதான் வீடியோ கேமராவுல மாட்டுற பெரிய பேட்டரி, கொண்டு போனா அதுல வோல்ட்டேஜ் வேற, மேல வாட் ஹவர்னு அச்சடிச்சிருப்பான், அத பாருங்க. எழுத்து அழிஞ்ச பவர் பேங்க செக்கிங்ல பிடுங்கினா சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, அவங்களுக்கு எத வச்சு தெரியும்? எமிரேட்ஸ்ல 2025 அக்டோபர் 1ல இருந்து ஆளுக்கு ஒரு பவர் பேங்க் தான், அதுவும் 100 வாட் ஹவருக்குள்ள, ஃப்ளைட்ல அத வச்சு சார்ஜ் போடவும் கூடாது, மேல் ராக்குல வைக்கவும் கூடாது. மத்த கம்பெனி ரூலும் மாறிக்கிட்டே இருக்கு, டிக்கெட் எடுத்த சைட்லயே பாத்துக்கோங்க.

ரூல விட என்னைய பயமுறுத்துறது உப்பின பேட்டரி தான். பின்பக்க மூடி தூக்கியிருக்கும், டச் ஸ்கிரீன் ஓரம் பிரிஞ்சிருக்கும், கேட்டா "நாலு மாசமா இப்படித்தான் அண்ணே, ஓடுது"ம்பாங்க. ஓடும், ஆனா அத ஃப்ளைட்ல ஏத்தவே கூடாது. மாத்திட்டு போங்க, என்கிட்ட தான் மாத்தணும்னு இல்ல.

ரப்பர் வெட்டுக்குப் போறவங்க தலையில கட்டுற ஹெட்லைட் இருக்கு பாருங்க, அதுக்குள்ளயும் 18650ன்னு சொல்ற உருண்ட லித்தியம் செல் தான் பெரும்பாலும், கல்ஃபுல இருந்து வரும்போது அப்பாவுக்குன்னு வாங்கிட்டு ஸ்பேர் செல்ல சாவி சில்லறையோட ஒரே கவர்ல போட்டு கொண்டு வாறாங்க. ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி தனித்தனி கவர்ல போடணும். லேப்டாப்ப பெட்டியில தான் போட்டாகணும்னா ஸ்லீப்ல விடாம முழுசா ஆஃப் பண்ணுங்க, கூடுமானவரை போடாதீங்க.

கேபின்ல இடமில்லன்னு கேட்ல வச்சு உங்க பைய கீழ அனுப்ப வாங்குவாங்க, அவசரத்துல குடுத்துராம பவர் பேங்கும் ஸ்பேர் பேட்டரியும் வெளிய எடுத்துட்டு குடுங்க. போன் சீட்டு இடுக்குல விழுந்தா சீட்ட சாய்க்கவோ நிமித்தவோ செய்யாதீங்க, சீட்டோட கம்பி நசுக்கினாலே போதும், பேட்டரி உள்ள இருக்கற அந்த மெல்லிசு ஷீட்டு கிழிய. பட்டன அமுக்கி க்ரூவ கூப்பிடுங்க, அவங்க எடுத்துத் தருவாங்க.