லிபர்டேரியனிசம்: தன்னுரிமைவாதமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும்

ஒவ்வொருவரும் தம் உடலுக்கும் உழைப்புக்கும் உடைமைக்கும் தாமே உரியவர் என்றும், அவர் பிறருக்கு வன்முறையோ மோசடியோ செய்யாதவரை அவர் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளில் அரசு தலையிடலாகாது என்றும் கொள்ளும் அரசியல், பொருளியல் கொள்கையே லிபர்டேரியனிசம். திருகோணமலையில் உயர்தரப் பொருளியல் படிக்கும் மாணவர்கள் குறைந்தபட்சக் கூலி பற்றிய வாதங்களை எழுதும்போது இக்கொள்கையினரைத் 'தாராண்மைவாதிகள்' என்று குறிப்பதுண்டு. அது பொருந்தாது. தாராண்மைவாதம் என்பது லிபரலிசத்துக்கு இலங்கையில் நிலைபெற்றுவிட்ட சொல். கூலிச் சட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அதற்குள் அடங்குவர்.

அடிமையல்லாதவர் என்று பொருள்படும் 'லீபர்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இச்சொல் கிளைத்தது. 1789இல் ஆங்கிலேய எழுத்தாளர் வில்லியம் பெல்ஷம் இதை முதலில் ஆண்டபோது அரசியலை நினைக்கவில்லை. மனிதச் செயல் விதியால் கட்டுண்டது என்போருக்கு எதிராக, மனம் சுதந்திரமானது என்று வாதிட்டவர்களையே அது குறித்தது. 1857இல் ஜோசப் டெஜாக் என்ற பிரெஞ்சு அரசிலிக் கொள்கையாளர் (அரசே வேண்டாம் என்பவர்) அதன் பிரெஞ்சு வடிவமான 'லிபெர்த்தேர்' என்பதைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அவர் தனியுடைமையையே எதிர்த்தவர். அமெரிக்காவில் 'லிபரல்' என்ற சொல் அரசின் நலத்திட்டங்களை வேண்டுவோருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, 1955இல் டீன் ரஸ்ஸல் என்பவர் சந்தைச் சுதந்திரத்தை விரும்புவோர் இனி 'லிபர்டேரியன்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். இன்று பெரிதும் வழங்கும் பொருள் அந்த வழியில் வந்தது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'விடுதலைவாதம்' என்றால் நம் மண்ணில் வாசகர் மனம் வேறு வரலாற்றுக்குப் போய்விடும். 'சுயேச்சைவாதம்' என்றால் தேர்தல் காலச் சுயேச்சைக் குழுக்கள் நினைவுக்கு வரும். 'தனியுரிமைவாதம்' இன்னும் மோசம். இலங்கைப் பொருளியலில் தனியுரிமை என்பது ஒரே விற்பனையாளர் சந்தையை ஆள்வதைக் குறிக்கும் கலைச்சொல். இக்கொள்கையின் வேர், ஒவ்வொருவருக்கும் தம்மீதே உள்ள உரிமை என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் வகுத்த கருத்தில் இருக்கிறது. ஆகவே 'தன்னுரிமைவாதம்' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். கொள்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை இந்தச் சொல் காட்டிவிடுகிறது.

அந்தத் தொடக்கத்தைப் புரிந்துகொண்டால் கூலிச் சட்டத்தை இவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதும் விளங்கும். உழைப்பு என்னுடையது என்றால், அதை என்ன விலைக்கு விற்பது என்பதும் என் முடிவு; அரசு அதற்கொரு கீழெல்லை வைப்பது என் உரிமையை மீறுவதாகும் என்பது அவர்களின் முதல் வாதம். இரண்டாவது, கேள்வி (தேவை), நிரம்பல் (வழங்கல்) வாதம்: கூலியை, கேள்வியும் நிரம்பலும் சந்திக்கும் சமநிலைக்கு மேல் உயர்த்தினால் ஊழியத்துக்கான கேள்வி சுருங்கும், முதலில் வேலையிழப்பவர் அனுபவமில்லாத இளைஞரே. இவர்களை ஏழையின் பகைவர் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. கூலிச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன்தான், வருமானம் குறைந்தோருக்கு அரசே பணம் கொடுக்கும் 'எதிர்மறை வருமான வரி'யை 1962இல் முன்வைத்தார்.

முதல் வாதம் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்ட வழக்கொன்று, திருகோணமலைக்கு அருகே நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் பெண்களுக்கு மிக நெருக்கமானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்சி பாரிஷ் என்ற ஹோட்டல் பணிப்பெண், 48 மணிநேர வாரத்துக்குச் சட்டம் வகுத்த 14.50 டொலருக்குக் குறைவாகவே தமக்குத் தரப்பட்டது என்று கூறி, மீதித் தொகையைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். ஹோட்டல் தரப்பு ஒப்பந்தச் சுதந்திரத்தை முன்னிறுத்தியது. 1923இல் இதே காரணத்தைக் கூறிப் பெண்களுக்கான கூலிச் சட்டமொன்றைச் செல்லாது என்றிருந்த அமெரிக்க உயர் நீதிமன்றம், 1937இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் பாரிஷின் பக்கம் நின்றது. பேரம்பேசும் வலிமை இல்லாதவரின் வயிற்றுக்குப் போதாத கூலியால் விழும் பாரத்தைச் சமூகமே சுமக்க நேர்கிறது என்பது அத்தீர்ப்பின் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இரண்டாவது வாதத்தை 1994இல் பொருளியலாளர்களான டேவிட் கார்டும் அலன் குரூகரும் அசைத்தனர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மணிநேரக் குறைந்தபட்சக் கூலி 4.25 டொலரிலிருந்து 5.05 டொலருக்கு உயர்ந்தபோது, அது உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று அவர்கள் கண்டனர். அதன் தரவுகளைப் பற்றிய வாதம் பின்னரும் தொடர்ந்தது.

இலங்கையில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் தொழில்வாரியாகக் கூலி வகுக்க வழிசெய்தது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தேசிய அளவு 2016இல்தான் வந்தது: மாதம் 10,000 ரூபாய், நாளொன்றுக்கு 400 ரூபாய். மாத அளவு 2024இல் 17,500 ரூபாயாகவும், 2025இன் திருத்தத்தால் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

என் பார்வையில், தன்னுரிமைவாதம் ஒன்றைக் கேளாமலே கொண்டுவிடுகிறது: வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக இன்னோர் இடம் இருக்கிறது என்பதை. மாரி தொடங்கி ஹோட்டல்கள் வெறிச்சோடும் மாதங்களில் நிலாவெளிப் பணிப்பெண்ணுக்கு அந்த இடம் எங்கே? வேலை கொடுப்பவர் ஓரிருவரே என்றால், கூலி, போட்டியுள்ள சந்தையில் கிடைக்கக்கூடிய விலைக்கும் கீழே நிற்கும். அங்கே சட்டம் உயர்த்தும் கூலி வேலையைக் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டத்தின் கை எட்டாத வேலையும் இங்கே உண்டு. கரைவலை இழுப்பவருக்கு நாட்கூலி கிடையாது. அன்றைய மீன்பாடு விலைபோன பிறகு, செலவு கழித்து, வலைச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கும் இழுத்தவர்களுக்கு மறு பங்குமாகப் பிரிப்பார்கள். பாடு இல்லாத நாளில் பிரிக்க எதுவுமில்லை. பங்கு முறை தாமே உடன்பட்டுச் செய்யும் ஒப்பந்தத்துக்கு நல்ல சான்று என்று தன்னுரிமைவாதி சொல்லலாம். அது பாதியளவு உண்மை. சொந்தக்காரரிடம் முற்பணம் வாங்கியவர், அதை அடைக்கும்வரை வேறு வலைக்கு மாறமுடியாதபோது, மீதிப் பாதி உண்மையல்ல.